ஏழாம் பங்கு

முப்பத்தொரு வருஷம் நான் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தேன். அதாவது முப்பத்தொரு வருஷம் ஒரு கையில் குடையும் மறு கையில் நோட்டுமாக, கொழுந்து கிள்ளுகிற பெண்களுக்குப் பின்னால் நின்று கத்தியிருக்கிறேன். "தாய் இலைய விடு, தாய் இலைய விடு." இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளலாம். அதற்குக் கீழே இருக்கும் முற்றின இலைதான் தாய் இலை. செடிக்குச் சோறாக்கிப் போடுவது அதுதான். அதைத் தொட்டால் செடி பட்டினி கிடக்கும். இவ்வளவையும் ஊருக்குச் சொன்னவன் என்ன செய்தான் என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் நீங்கள் என்னைத் திட்டிக்கொள்ளலாம். நானே தினமும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூக்கம்மாளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சுடலைமணியைக் கட்டிக்கொண்டு, கேரளாவில் எங்கள் எஸ்டேட் இருந்த பீர்மேட்டுக்கு அவள் வந்த புதிது. தென்காசிப் பக்கத்துப் பெண், தேயிலைச் செடியைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நிறைய எடை காட்ட வேண்டும் என்ற ஆசையில் கையில் அகப்பட்டதையெல்லாம் கிள்ளிப் பையில் அடைத்திருந்தாள். நிறுவைக்கு வந்தபோது அந்தப் பையை வாங்கி அத்தனை பேர் முன்னாலும் ரோட்டில் கொட்டினேன். உட்கார்ந்து தாய் இலையைத் தனியே பொறுக்கு என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவள் அழவும் இல்லை, ஏசவும் இல்லை. பொறுக்கி முடித்து எழுந்து, "இனிமே வராது, சூப்பர்வைசரண்ணே" என்றாள். அதோடு சரி. இருபத்தெட்டு வருஷத்தில் அவள் பையில் நான் ஒரு தாய் இலையைப் பார்த்ததில்லை. அன்றைக்கு நான் செய்தது அராஜகம். ஆனால் அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது. ஒரு நல்ல கையை உருவாக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி எஸ்டேட்டைப் பூட்டிவிட்டுப் போனது. திடீரென்று போகவில்லை. அதற்கு முந்தைய எட்டு வருஷம் செடிக்கு ஒரு பிடி உரம் போடாமல், நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு ஓர் ஓடு மாற்றாமல், எங்கள் பி.எஃப் பணத்தைக் கட்டாமல், வருகிற இலையை மட்டும் எடுத்துக்கொண்டே இருந்தது. செடியைக் கறந்த மாதிரியே எங்களையும் கறந்தது. பிறகு ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் கதவில் பூட்டுத் தொங்கியது. மேனேஜர் துரை காரில் ஏறிப் போய்விட்டார். கேஸ் நடக்கிறது, ஸ்டே இருக்கிறது, கமிஷன் வரும் என்று சங்கத்துக்காரர்கள் சொன்னார்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கும் எர்ணாகுளத்துக்கும் போனார்கள். போக இடமில்லாத பதினெட்டுக் குடும்பம் எங்கள் டிவிஷனில் மிஞ்சியது.

செடி மட்டும் துளிர்த்துக்கொண்டே இருந்தது. அதற்குக் கேஸும் தெரியாது, ஸ்டேயும் தெரியாது. யாரையும் கேட்காமல் நாங்கள் கிள்ள ஆரம்பித்தோம். லயத்துக்குப் பக்கத்தில் இருந்த மலைகளைப் பதினெட்டுப் பங்காகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒன்று என்று கல் நட்டோம். ஒரு பங்குக்கு ஆயிரம் செடி வரும். ஜிபின் என்கிற மலையாளத்துப் பையன் ஜீப்பில் வந்து இலையை எடை போட்டு, ஏலப்பாறைப் பக்கம் ஒரு தனியார் ஃபாக்டரிக்குக் கொண்டுபோனான்.

பிரித்த முதல் மாதமே சண்டை. நாலாம் பங்கு முழுக்கப் பாறையும் அட்டையும். ஏழாம் பங்கு ஓடையை ஒட்டிய சரிவு, மற்ற இடம் காய்ந்த பிறகும் கொஞ்ச நாள் மண்ணில் ஈரம் இருக்கும். நாலு கிடைத்த இன்னாசிராஜும் ஏழு கிடைத்த பெரியமுத்துவும் வேலைக்குப் பேர் கொடுக்கிற மஸ்டர் ஷெட்டில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் நான் எழுந்து அந்தப் பேச்சைப் பேசினேன்.

"வருஷா வருஷம் தைப்பொங்கல் கழிஞ்ச மொத ஞாயித்துக்கிழம சீட்டுக் குலுக்குவோம். இந்த வருஷம் பாறை வந்தவனுக்கு அடுத்த வருஷம் ஓடை வரட்டும். யாரும் நெரந்தரமாக் கெட்டுப்போக வேண்டாம், யாரும் நெரந்தரமா வாழவும் வேண்டாம்."

கை தட்டினார்கள். துரை பின்னால் இல்லாமல், நோட்டும் குடையும் இல்லாமல், என் வாய்ச்சொல்லுக்கு ஜனம் கட்டுப்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு ராஜா மாதிரி வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி சுருளியம்மாள், "என்ன, தலைக்கு மேல கிரீடம் தெரியுது" என்று கிண்டல் பண்ணினாள்.

நியாயமான ஏற்பாடு என்று நீங்களும் சொல்வீர்கள். அதில் இருந்த ஓட்டை எனக்கு விளங்க இரண்டு வருஷம் ஆனது. அடுத்த தைக்கு இன்னொருவன் கைக்குப் போகப்போகிற செடிக்கு எவன் உரம் போடுவான்? களை எடுத்தால் அது அடுத்தவனுக்கு. ஓடைக்கரையில் கல் அடுக்கினால் அதுவும் அடுத்தவனுக்கு. இருக்கிற பன்னிரண்டு மாதத்தில் உருவ முடிந்ததை உருவிவிட வேண்டும். இரண்டாம் வருஷம் பெரியமுத்து கத்தரி வாங்கிவந்தான். தோட்டக்காரர்கள் வேலி வெட்டுகிற மாதிரிப் பெரிய கத்தரி, வெட்டிய இலை விழுவதற்கு ஒரு தட்டுப் பொருத்தியது. மொட்டு, தாய் இலை, காம்பு, குச்சி எல்லாம் அதில் ஒன்றுதான். முதலில் ஜிபின் முகத்தைச் சுளித்தான். மூன்றாம் மாதம், "எந்த எலயானாலும் போதும் சேட்டா, ஃபாக்டரிக்காரங்க ஒண்ணும் சொல்றதில்ல" என்றான். அந்த வருஷக் கடைசிக்குள் பதினேழு வீட்டில் கத்தரி வந்துவிட்டது. என் வீட்டிலும்தான். சுருளியம்மாளுக்கு விரல் மூட்டு வீங்கிவிட்டது, கையால் கிள்ள முடியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு விரல் வீங்கியிருந்தது உண்மைதான்.

கத்தரி வாங்காத பதினெட்டாவது வீடு மூக்கம்மாளுடையது. சுடலைமணி தினமும் விடியற்காலை ஜீப்பில் வண்டன்மேட்டுக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போய்விடுவான். அவள் தனியாகப் பங்கில் நின்று, பழைய மாதிரியே இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டிருப்பாள். மற்றவர்கள் அவளுக்கு 'கம்பெனிக்காரி' என்று பேர் வைத்தார்கள்.

போன வருஷம் தையில் ஏழாம் பங்கு அவளுக்கு வந்தது. செடியெல்லாம் மார்பு உயரத்துக்கு வளர்ந்து, மேலே முடிச்சு முடிச்சாகக் குச்சி கட்டி, கொழுந்து விடாமல் மலட்டு மொட்டாகவே வந்துகொண்டிருந்தது. தேயிலையை நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்ட வேண்டும். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே விட்டு, மொத்தத்தையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். பிறகு நாலைந்து மாதம் ஓர் இலை வருமானம் கிடையாது. ஆனால் அதற்கப்புறம் செடி புதுசாகப் பிறந்து வரும். பூட்டிய நாளிலிருந்து எந்தப் பங்கிலும் யாரும் கவ்வாத்து வெட்டவில்லை. தன் வருஷத்தில் நாலைந்து மாதத்தை விட்டுக்கொடுக்க யாருக்குப் பைத்தியமா?

அவள் வெட்டினாள். செப்டம்பரில் மழை விட்டதும், கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடலைமணியும் கூட நின்றான். மூன்று வாரம் பிடித்தது. ஒவ்வொரு செடியிலும் மூச்சு விட ஒரு கிளையை வெட்டாமல் விட்டிருந்தாள். வெட்டிய குச்சிகளையே மேலே பரப்பி வெயில் படாமல் மூடியிருந்தாள். வெட்டுவாயில் மருந்து தடவியிருந்தாள். நான் போய்ப் பார்த்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"ஏம்மா மூக்கம்மா, தையில சீட்டுல வேற ஆளுக்குப் போயிட்டா என்ன செய்வ?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தாம்ணே ஒங்ககிட்ட வரணும்னு இருந்தேன். இந்தப் பங்க மட்டும் ரெண்டு வருஷம் சீட்டுல சேக்காம விடச் சொல்லுங்க. ஆள எல்லாம் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியாது. நீங்க சொன்னா கேப்பாக. இது ஒண்ணு தெளிஞ்சு வந்துட்டா மத்தவுகளும் பாத்து வெட்டுவாக. இல்லன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லாம் வெறகுதான்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. "கூட்டத்துல பேசுறேன்" என்றேன்.

அந்த நாலு மாதமும் அவளும் ஏலக்காட்டு ஜீப்பில் போனாள். மாலையில் திரும்பி வந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டாள். ஏழாம் பங்குக்கு இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவாள். டிசம்பரில் குச்சிகளுக்கு நடுவே சிவப்பும் பச்சையுமாகத் துளிர் எழும்பியது. பொங்கலுக்குள் ஒரு சாண் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்திருந்த இன்னாசிராஜின் மகள் பெர்சிகூட அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள். இந்த டிவிஷனில் போட்டோ எடுக்கிற மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

சீட்டு நாள் வந்தது. மஸ்டர் ஷெட்டில் பதினெட்டுக் குடும்பமும் கூடியது. நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். செடியின் வேரில் இருக்கிற சத்து எவ்வளவு, இந்த நேரத்தில் கத்தரி பட்டால் என்ன ஆகும் எல்லாம் சொன்னேன்.

இன்னாசிராஜ் எழுந்தான். "அப்பவே சண்ட போட்டது இந்தப் பங்குக்காகத்தான். நல்லது கெடச்ச ஒடனே கவ்வாத்து வெட்டிப்புட்டு, எனக்கே வேணும்னா எப்படி? நாளைக்கு நானும் ஒரு வெட்டு வெட்டிட்டு ரெண்டு வருஷம் கேப்பேன். குடுப்பீகளா?"

"மூக்கம்மா நல்லவதான். யாரு இல்லன்னா?" என்றான் பெரியமுத்து. "ஆனா சட்டம் போட்டது நீங்க ஈஸ்வரண்ணே. நெரந்தரமா யாரும் வாழ வேண்டாம்னு நீங்கதான் சொன்னீக. இப்ப நீங்களே மாத்துவீகளா?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூக்கம்மாளும் பார்த்தாள். மாற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நான் போட்ட சட்டம் தப்பு, அதுதான் இந்த மலையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அன்றைக்கே வாய் திறந்திருக்கலாம். கொஞ்ச பேராவது கேட்டிருப்பார்கள். ஆனால் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கேட்ட கைதட்டல் எனக்கு இன்னும் காதில் இருந்தது. அதை இழந்துவிட மனசில்லை.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். குலுக்குங்க" என்றேன்.

கொழுந்துப் பை ஒன்றில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, வீட்டுக்கு ஒருவராக எடுத்தார்கள். மூக்கம்மாளுக்கு நாலு வந்தது, அதே பாறைப் பங்கு. என் வீட்டுக்குச் சுருளியம்மாள் கை விட்டு எடுத்தாள். பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். ஏழு.

நான் ஏதோ தில்லுமுல்லு பண்ணிவிட்டதாகச் சிலர் நினைத்திருப்பார்கள். நினைத்தால் தப்பில்லை, நானே அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். ஆனால் மூக்கம்மாள் என்னிடம் வந்து சிரித்தாள். நிஜமாகவே நிம்மதியாகச் சிரித்தாள்.

"நல்லவேள, ஒங்களுக்கு வந்துச்சு. வேற ஆளுக்குன்னா எனக்குத் தூக்கமே வராது. ஒங்களுக்கு நான் சொல்லணுமா? நீங்க சொல்லித் தந்ததுதான எல்லாம்."

மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பங்கைக் காட்டினாள். மேல் வரிசையில் துளிர் மெதுவாக வருகிறது, அதை ஒரு மாதம் தொட வேண்டாம். ஓடைப் பக்கம் இருபது செடிக்கு வேரில் கறையான் இருந்தது, மருந்து வைத்திருக்கிறேன். மற்றதில் மேல் நுனியை மட்டும் கிள்ளுங்கள், கீழே நாலைந்து இலை நிற்கட்டும். மே மாதம் மழைக்கு இந்தப் பங்கு எப்படி இருக்கும் பாருங்கள் என்றாள். நான் தலையாட்டினேன். "நுனி மட்டுந்தான்" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அது பொய்யில்லை.

முதல் மூன்று வாரம் அப்படியே செய்தேன். குனிந்து குனிந்து நுனியை மட்டும் கிள்ளினேன். மாலை நிறுவையில் என் பை மற்றவர்கள் பையில் கால்வாசிகூட வராது. பெரியமுத்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, சாமிக்கு அர்ச்சன பண்ணவா பறிக்கீக?" என்பான். ஜிபின் மட்டும் இலையைக் கையில் அள்ளி மோந்து பார்த்தான். "இது மாதிரி பிஞ்சு எலைக்கு ஃபாக்டரியில தனி ரேட் உண்டு சேட்டா. நல்லா கொண்டு வந்தா நான் பேசுறேன். ஆனா இப்பவே வேணும், மழை பெய்தா எல்லாரும் கொண்டுவருவாங்க."

அன்று சாயங்காலம் சோற்றைப் போட்டுக்கொண்டே சுருளியம்மாள் கேட்டாள். "இந்தாருங்க, நீங்க யாருக்காக வளக்குறீக?"

"செடிக்காகத்தான்."

"அடுத்த தையில இது பெரியமுத்து கைக்கு வந்தா? ஒரே நாள்ல மொட்டையடிச்சிருவான். இன்னாசிக்கு வந்தாலும் அதே கததான். மூக்கம்மா கைக்கே திரும்ப வரும்னு எழுதியா வச்சிருக்கு? யாரோ வெட்டப்போறத நாம வெட்டுனா என்ன? நம்ம வீட்டுல அரிசி எம்புட்டு இருக்குன்னு எட்டிப் பாத்தீகளா?"

அவள் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. அவள் கேட்டது கணக்காகச் சரியான கேள்வி. அந்தக் கேள்வியை உண்டாக்கினதே நான்தான். என் சட்டம் என் வீட்டுச் சோற்றுத் தட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, பதில் சொல்லு என்றது.

பிப்ரவரி இரண்டாம் வாரம் கத்தரியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். சுருளியம்மாளை வரவேண்டாம் என்றேன், நானே செய்தேன். முதல் செடியில் ஒவ்வொரு கிளையாக நிதானித்து வெட்டினேன். பத்தாவது செடியில் அந்த நிதானம் போய்விட்டது. இருநூறாவது செடிக்கு வரும்போது, இதுவும் ஒரு வேலை என்கிற மாதிரி கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. மேல் வரிசையைக்கூட விடவில்லை. மூன்று நாள். ஜிபின் சொன்ன தனி ரேட் முதல் நாள் மட்டும் கிடைத்தது. கத்தரியில் வெட்டினது தெரிந்ததும் மற்ற இரண்டு நாளும் பழைய ரேட்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் மேல் பாதையில் மூக்கம்மாள் போனாள். நாலாம் பங்குக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும். நான் கத்தரியைக் கீழே இறக்கினேன். அவள் நின்றாள். வெட்டி முடித்த சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். ஏதாவது சொல்வாள், ஏசுவாள், அந்தக் காலத்தில் நான் செய்த மாதிரி என் கத்தரித் தட்டில் இருக்கும் இலையைப் பாதையில் கொட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நடந்து போய்விட்டாள்.

மார்ச்சில் வெயில் போட்டது. கவ்வாத்து முடிந்த செடி வேரில் இருந்த சத்தையெல்லாம் செலவழித்துத்தான் அந்தத் துளிரை விட்டிருந்தது. அதையும் வெட்டிவிட்டேன், சமைத்துப் போட ஓர் இலை இல்லை. நுனியிலிருந்து காய ஆரம்பித்தது. கிளை காய்ந்து, பிறகு நடுத்தண்டு காய்ந்தது. ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். ஆயிரம் செடிக்கு ஒரு கிழவன் எத்தனை குடம் ஊற்றுவது? ஏப்ரல் கடைசியில் மழை வந்தபோது, கவ்வாத்தே காணாத கிழட்டுச் செடிகள்கூட மற்றப் பங்குகளில் ஏதோ நாலு இலை விட்டன. ஏழாம் பங்கில் பத்துக்கு எட்டு, விரலால் ஒடித்தால் படக்கென்று ஒடிந்தது. மூக்கம்மாள் சொன்ன விறகுக்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆச்சரியமாகக்கூடப் பார்க்கவில்லை. "கவ்வாத்து வெட்டுனா செடி செத்துப்போகும்னு அப்பவே சொன்னேன்" என்று பெரியமுத்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஜனம் அதை நம்பிவிட்டது. அப்படி இல்லை, கொன்றது கத்தரி, நான்தான் என்று நான் போய்ச் சொல்லவில்லை. இனி இந்த மலையில் எவனும் கவ்வாத்துக் கத்தியைத் தொடமாட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கம்மாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். மழைக்கோட்டு போட்டிருந்தாள், தோளில் பை. பிப்ரவரிக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னோடு பேசினாள்.

"சூப்பர்வைசரண்ணே, ஒங்க கத்தரி சும்மாதான கெடக்கு? எனக்கு நாலு நாளைக்கு வேணும். புதுசு வாங்குறதுக்கு அவுகளுக்கு அடுத்த வாரந்தான் கூலி வரும்."

குரலில் குத்தல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தாள். அதுவரை அவள் கத்தரியைக் கையில் பிடித்ததில்லை. பிடி பிடிக்கத் தெரியாமல் பிடித்திருந்தாள். நான் கையை மாற்றி வைத்துக் காட்டினேன்.

"இது தாய் இலையவும் சேத்து வெட்டுமாண்ணே?"

"வெட்டும்" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, பாறைப் பங்கைப் பார்த்து இறங்கினாள்.